வால்பாறை வளைவுகளில் நழுவிய மூன்றாம் கியர்

ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. பொள்ளாச்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், தம் காரின் கியர் எந்தெந்த வளைவில் வெட்டியது, அதாவது சீராக மாறாமல் உதறியது என்பதை அந்தப் பலகை எண்ணோடு ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். தேதி, நேரம், ஏறும்போதா இறங்கும்போதா, புறப்பட்டு எத்தனை நிமிடம் ஆகியிருந்தது, வளைவு வலப்பக்கமா இடப்பக்கமா என்று மொத்தம் 31 குறிப்புகள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறேன். இவ்வளவு துல்லியமான சாட்சியத்தோடு ஒருவர் வந்தது அதுவே முதல் முறை.

“தம்பி, எனக்கு மூன்று தொந்தரவுகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கியர்பாக்ஸ் போய்விட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை” என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்க எனக்கு ஆறு நாள் ஆனது. அதில் ஒரு நாள் என் தவறால் வீணானது.

வண்டியும் அதன் வரலாறும்

2014ஆம் ஆண்டுப் பெட்ரோல் செடான். 1.8 லிட்டர் இன்ஜின், முன்சக்கர இயக்கம், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உறுப்பு) வைத்த 6 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஓடியது 96,400 கி.மீ. தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பழுது அவர்களுடையது இல்லை, இதே உள்ளமைப்பு பல நிறுவனங்களின் கார்களில் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். மேனுவல் கியர்பாக்ஸின் மேல் கிளட்ச்சையும் கியரையும் இயக்கும் கருவியைப் பொருத்திய ஏ.எம்.டி., எஃகுப் பட்டை ஓடும் சி.வி.டி., இரட்டைக் கிளட்ச், டார்க் கன்வெர்ட்டர் ஆகிய நான்கும் வெட்டும். ஆனால் நான்கும் வெவ்வேறு காரணங்களால் வெட்டும். கீழே எழுதுவது நான்காவது வகைக்கு மட்டுமே பொருந்தும்.

பத்து மாதங்களுக்கு முன் தொடங்கிய முதல் தொந்தரவு இது: சிக்னலில் வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில், பின்னால் இருந்து யாரோ இடித்ததுபோல ஓர் அதிர்ச்சி. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதற்காக ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறார். கியர் ஆயில் பழையதாகிவிட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். அதிர்ச்சி போகவில்லை. இரண்டு வாரத்துக்குள் புதிதாக இரண்டு தொந்தரவுகள் சேர்ந்தன. காலையில் ‘டி’யில், அதாவது முன்னோக்கி ஓட்டும் நிலையில் போட்டால் இரண்டு நொடி வண்டி அசையாது, பிறகு வெடுக்கென்று பிடிக்கும். மலையில், இரண்டாம் கியரில் இருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் உறுமும், வேகம் ஏறாது, அப்புறம் ஓர் உதை. மறுபடி அதே பட்டறைக்குப் போனபோது ஸ்கேனர் (காரின் கணினியில் உள்ள பதிவுகளைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்த்து, பிழைக்குறி எதுவும் இல்லை, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், 1,85,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். நிற்கும்போது வரும் அதிர்ச்சி 9 முறை. வண்டி சூடாக இருந்தாலும் ஆறியிருந்தாலும் வந்திருக்கிறது. காலையில் ‘டி’ தாமதம் 10 முறை. மலையில் மூன்றாம் கியர் நழுவியது 12 முறை. அதில் 10 முறை வலப்பக்க வளைவில். இந்தக் கடைசி எண்ணைப் பார்த்த அன்றே நான் சரியான இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தது

முதலில் கியர்பாக்ஸ் அல்லாதவற்றை ஒதுக்கினேன். பேட்டரிக்கு வரும் சார்ஜ் 14.1 வோல்ட். கியர்பாக்ஸ் உறைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட் இழப்பு 0.04, எர்த் பட்டை நன்றாக இருக்கிறது. எந்த சிலிண்டரிலும் எரிதல் தவறவில்லை. காற்று அளக்கும் சென்சார் சுத்தமாக இருந்தது. இந்தச் சென்சாரைப் பலர் பார்ப்பதே இல்லை. இன்ஜின் எவ்வளவு முறுக்குவிசை தருகிறது என்ற கணக்கை வைத்துத்தான் கியர்பாக்ஸ் கணினி எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. சென்சாரில் அழுக்கு படிந்து கணக்கு தவறினால், ஆரோக்கியமான கியர்பாக்ஸும் வெட்டும்.

அடுத்த நாள் காலை அவரையும் உடன் அழைத்துக்கொண்டு ஆழியாற்றில் இருந்து மேலே ஏறினோம். பட்டறைப் பையன் பின் இருக்கையில் ஸ்கேனரோடு. 9ஆம் வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனை வரை போய்த் திரும்பினோம். அதற்குள் மூன்று முறை நழுவல் பதிவாகிவிட்டது.

டர்பைன் வேகம் என்று ஸ்கேனரில் ஒரு வரி ஓடும். டார்க் கன்வெர்ட்டரில் இருந்து கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் சுழற்சி அது. இந்தக் கியர்பாக்ஸில் இரண்டாம் கியரின் விகிதம் 2.37, மூன்றாவது 1.56. ஆகவே, சுமார் 35 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும் டர்பைன், மூன்றாம் கியர் பிடித்ததும் 1,580க்கு இறங்க வேண்டும். நல்ல கியர்பாக்ஸில் அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கோடு ஒரே சரிவாக விழும். இந்த வண்டியில் கோடு முதலில் 2,750க்கு ஏறியது. பிறகு செங்குத்தாக விழுந்தது. மொத்தம் 1.2 நொடி. ஏறிய நேரத்தில் இரண்டாம் கியரும் பிடித்திருக்கவில்லை, மூன்றாம் கியரும் பிடித்திருக்கவில்லை. வண்டி சில கணங்கள் நியூட்ரலில் இருந்திருக்கிறது.

அப்படியானால் பிழைக்குறி ஏன் வரவில்லை? கியரில் நிலைபெற்ற பிறகு விகிதம் தவறாக இருந்து, அது குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் கணினி குறியைப் பதியும். மாறும் வழியில் வழுக்கி, கடைசியில் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால், அதன் கணக்கில் எல்லாம் நலம். குறி இல்லை என்பதைப் பழுது இல்லை என்றும் கொள்ளக் கூடாது. குறி இல்லாமல் வெட்டுகிறது, ஆகவே உள்ளே தேய்ந்துவிட்டது என்றும் கொள்ளக் கூடாது. முந்தைய பட்டறை இரண்டாவதைச் செய்தது.

எந்தக் கிளட்ச்?

இந்த வகை 6 வேகப் பெட்டிகளின் அழகு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் லெப்பெல்லெத்தியே வகுத்த கியர் அமைப்பு இது. 2001இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காரில் வந்த, ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனப் பெட்டி தொடங்கிப் பல பெட்டிகள் இதன்மேல் கட்டப்பட்டவை. மூன்று கிளட்ச், பெட்டிக்குள் ஒரு பாகத்தைச் சுழலாமல் பிடிக்கும் இரண்டு பிரேக் என்று ஐந்தே உராய்வு உறுப்புகள், கூடவே ஒருவழிக் கிளட்ச் ஒன்று. இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தே ஆறு முன்கியர்களும் ரிவர்ஸும் கிடைக்கின்றன. எங்கள் பட்டறைச் சுவரில் அந்த அட்டவணையைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். கியர்பாக்ஸ் வேலை கற்க வருகிற பிள்ளைகளுக்கு ஸ்பேனர் கொடுப்பதற்கு முன் இதைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்.

இரண்டாம் கியரில் சி1 கிளட்ச்சும் பி1 பிரேக்கும் பிடித்திருக்கும். மூன்றாம் கியருக்குப் போகும்போது சி1 அப்படியே இருக்கும். பி1 விட வேண்டும், சி3 பிடிக்க வேண்டும். ஒரு கை விடுவதும் மறு கை பிடிப்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். பிடிக்கும் கை தாமதித்தால் உறுமல். விடும் கை தாமதித்தால் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து முட்டல். நம் வண்டியில் உறுமல். அதாவது சி3 தாமதமாக வருகிறது. ‘சி3 கிளட்ச் தேய்ந்துவிட்டது’ என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடலாம். பலரும் எழுதுகிறார்கள்.

ஆனால் சி3 மூன்றாம் கியரில் மட்டும் வேலை செய்வதில்லை. ஐந்தாம் கியரிலும் அதுதான். ரிவர்ஸிலும் அதுதான், பி2 பிரேக்கோடு சேர்ந்து. தேய்ந்த கிளட்ச் எல்லா இடத்திலும் தேய்ந்ததாகவே நடந்துகொள்ள வேண்டும். பட்டறை வாசலில் ஒரு சரிவு இருக்கிறது. நால்வரை உள்ளே ஏற்றி, வண்டியை ரிவர்ஸில் அந்தச் சரிவில் ஏற்றினேன். துளியும் வழுக்காமல் ஏறியது. பொள்ளாச்சிச் சாலையின் நேர்ப்பாதையில் நான்கில் இருந்து ஐந்துக்கு மாறியது வெண்ணெய் போல இருந்தது. அதே நேர்ப்பாதையில் இரண்டில் இருந்து மூன்றும் பெரும்பாலும் ஒழுங்காகவே மாறியது.

இன்னொரு பக்கம், காலையில் ‘டி’யில் போடும்போது தாமதிப்பது சி1. சி3க்கும் அதற்கும் தொடர்பில்லை. தனிப் பிஸ்டன், தனிச் சொலினாய்டு (மின்சாரத்தால் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு). தொடர்பில்லாத இரண்டு கிளட்ச்சுகள் வெவ்வேறு நேரத்தில் பட்டினி கிடக்கின்றன என்றால், இரண்டுக்கும் சோறு போடும் அடுப்பைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவானவை எண்ணெய், அதை உறிஞ்சும் வடிகட்டி, பம்ப் ஆகியவை மட்டுமே.

வீணான ஒரு நாள்

அந்த இடத்தில் நான் எண்ணெய் மட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. முந்தைய பட்டறையின் பில்லில் 3.5 லிட்டர் ஊற்றியதாக எழுதியிருந்தது. இந்த மாதிரிக்கு அது பொருத்தமான அளவுதான். காகிதத்தை நம்பினேன். மட்டம் சரி என்று மனத்துக்குள் கோடு போட்டுவிட்டு, எண்ணெயை ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பாடியைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

சி3க்கான அழுத்தச் சொலினாய்டின் மின்தடையை வெளிக் கனெக்டரிலேயே அளக்கலாம். ஆறிய வண்டியில் 5.3 ஓம். எண்ணெய் 92 டிகிரி செல்சியஸ் சூடானபோது 6.7 ஓம். தடை கூடுகிறதே, சூட்டில் சொலினாய்டு கெடுகிறது என்று பையன் துள்ளினான். செப்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 70 டிகிரி ஏற்றத்துக்குக் கால் பங்குக்குச் சற்று மேல் கூட வேண்டும்; கூடியிருக்கிறது. அது செப்பின் இயல்பு. நல்ல சொலினாய்டை இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றிய பில்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து பிரேக்கில் நிறுத்திப் பார்க்கும் ஸ்டால் சோதனையைச் செய்யவில்லை. எண்ணெய்ப் பக்கம் சந்தேகம் இருக்கும்போது அது கிளட்ச் தட்டுகளை எரித்துவிடும் சோதனை. ஐந்து நொடிக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியை மதித்தாலும் அதை நான் விரும்புவதில்லை. அதற்குப் பதில், மாலையில் அழுத்த மானியைப் பொருத்தினேன். ஐடிலில் ‘டி’யில் போட்டபோது முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொசுவின் இறக்கை போல நடுங்கிக்கொண்டே இருந்தது.

தேய்ந்த பம்ப் குறைந்த அழுத்தத்தைக் காட்டும், ஆனால் நிலையாகக் காட்டும். நடுங்கும் முள் வேறு கதை சொல்கிறது: பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சுகிறது. நோட்டில் இருந்த ‘வலப்பக்கம்’ என்ற சொல் அப்போதுதான் உறைத்தது. வண்டி வலப்பக்கம் வளையும்போது பேனில் (கியர்பாக்ஸின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டு) உள்ள எண்ணெய் இடப்பக்கம் ஒதுங்கும். இந்தக் காரில் இன்ஜின் வலப்பக்கமும் கியர்பாக்ஸ் இடப்பக்கமும் இருக்கின்றன. பம்ப் கன்வெர்ட்டரை ஒட்டி, அதாவது இன்ஜின் பக்கமாக இருப்பதால், உறிஞ்சும் வாயும் வலப்பக்கமே. எண்ணெய் குறைவாக இருந்தால் வலப்பக்க வளைவில் அந்த வாய் காற்றில் தொங்கும். மலைச்சாலையில் அந்த வளைவை விட்டு வெளியேறும் நேரமும், இரண்டில் இருந்து மூன்றுக்கு மாறும் நேரமும் ஒன்றுதான். மூன்றாம் கியர் செய்த குற்றம், அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தது மட்டுமே.

மட்டம் பார்ப்பது என்றால்

பழைய ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் அளவுகோல் இருந்தது. இழுத்துத் துடைத்துப் பார்த்துவிடலாம். இப்போதைய பலவற்றில் அது இல்லை. பேனின் அடியில் ஒரு பிளக். அதற்குள் செங்குத்தாக ஒரு குழாய். குழாயின் மேல்விளிம்புவரை எண்ணெய் இருந்தால் வழியும், குறைவாக இருந்தால் வழியாது. கேட்க எளிதாக இருக்கிறது. இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று தவறினாலும் எல்லாம் தவறும்.

முதல் நிபந்தனை, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடும்போது டார்க் கன்வெர்ட்டரிலும் ஆயில் கூலரிலும் குழாய் வழிகளிலும் எண்ணெய் நிரம்பியிருக்கும். நிறுத்திவிட்டால் அதில் ஒரு பகுதி பேனுக்குத் திரும்பி மட்டம் உயரும். அந்த உயரத்தில் பிளக்கைத் திறந்தால், உள்ளே இருக்க வேண்டிய எண்ணெயும் வழிந்துபோகும். இரண்டாவது, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்க வேண்டும். இந்த மாதிரிக்கு 35 முதல் 45 டிகிரி. மற்ற மாதிரிகளுக்கு வேறாக இருக்கும், கையேட்டைப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.075 சதவீதம் விரியும். 7 லிட்டர் கொள்ளளவில் 50 டிகிரி கூடுதல் சூடு என்றால் கால் லிட்டருக்கு மேல் பொய்யான உயரம். சூடான வண்டியில் பார்த்தால் அந்தக் கால் லிட்டரும் போய்விடும்.

மறுநாள் விடியற்காலையில், வண்டி முழுக்க ஆறியிருந்தபோது லிப்டில் ஏற்றினோம். சமதளமாக இருக்கிறதா என்று மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். இன்ஜினை ஓடவிட்டு, ‘பி’யில் இருந்து ‘டி’வரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நொடி நிறுத்திக் கியர் கம்பியை நகர்த்தினோம். ஸ்கேனரில் எண்ணெய் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டதும் பிளக்கைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

இன்ஜினை நிறுத்தாமல் கைப்பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். முதல் சொட்டு விழ 1.1 லிட்டர் தேவைப்பட்டது. ஏழு லிட்டரில் 1.1 லிட்டர் இல்லாமல் அந்த அம்மா எட்டு மாதமாக மலை ஏறி இறங்கியிருக்கிறார்.

முந்தைய பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்குள்ள மெக்கானிக் மறைக்காமல் சொன்னார்: “அண்ணா, வண்டி ஓடி வந்த சூட்டோடுதான் மாற்றினோம். புது எண்ணெய் ஊற்றிவிட்டு, இன்ஜினை நிறுத்தி, சொட்டு நிற்கும்வரை பிளக்கைத் திறந்து வைத்திருந்தோம்.” இன்ஜின் ஆயில் மாற்றுவதில் பழகிய கை அப்படித்தான் செய்யும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு பிளக்கைத் திறந்து பார்க்காமல் 1,85,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது எத்தனை மாத வருமானம் என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு மோசமானது

மட்டம் சரியானதும் மானியின் முள் அசையாமல் நின்றது. ‘டி’யில் போட்ட ஒரு நொடிக்குள் வண்டி இழுத்தது. மகிழ்ச்சியோடு ஓட்டிப் பார்க்கப் போனால், மூன்றாம் கியர் சம்மட்டியால் அடித்ததுபோல விழுந்தது. நேர்ப்பாதையிலும் அதே அடி. முன்பு அங்கே இப்படி இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் பல கியர்பாக்ஸ்கள் தேவையில்லாமல் பிரிக்கப்படுகின்றன. எண்ணெயை நிரப்பினோம், மோசமாகிவிட்டது, ஆகவே உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு.

கிளட்ச் தட்டுகளுக்கு இடையே சிறிய இடைவெளி இருக்கும். பிஸ்டன் முதலில் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும். அதற்கு இத்தனை மில்லிநொடி, இத்தனை அழுத்தம் என்று கணினி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் டர்பைன் வேகம் எப்போது விழத் தொடங்கியது என்று பார்த்து அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும். எட்டு மாதமாகக் காற்று கலந்த எண்ணெய். காற்று அமுங்கும், எனவே பிஸ்டன் தாமதமாக வந்தது. கணினி நேரத்தையும் அழுத்தத்தையும் கூட்டிக்கொண்டே போனது. இப்போது அமுங்காத முழு எண்ணெய் கிடைத்ததும், அந்தக் கூட்டிய அழுத்தம் அப்படியே பாய்ந்தது. பி1 விடுவதற்கு முன்பே சி3 பிடித்துவிட்டது. பதிவில் மாற்றம் 0.2 நொடியில் முடிந்திருந்தது. அரைப் பட்டினிக்குப் பழகிய அளவில் இருந்து கணினி இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

பழைய கற்றலை ஸ்கேனரால் அழித்துவிட்டு, புதிதாகக் கற்க ஓட்ட வேண்டும். ஆனால் அதற்கு முன் மீதமிருந்த முதல் தொந்தரவை, அதாவது வண்டி நிற்கும்போது வரும் அதிர்ச்சியைத் தீர்க்க வேண்டியிருந்தது. இன்ஜின் ஆடிக்கொண்டிருந்தால் ஆடும் தராசில் எடை போடுவதுபோல ஆகிவிடும்.

போனட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்தியபடி ‘டி’க்கும் ‘ஆர்’ என்ற ரிவர்ஸுக்கும் மாற்றச் சொன்னேன். நல்ல வண்டியில் இன்ஜின் ஓரிரு சென்டிமீட்டர் சாயும். இது நான்கு சென்டிமீட்டருக்கு மேல் எழுந்து அமர்ந்தது. அடியில் பார்த்தால், கியர்பாக்ஸை முன்சட்டத்தோடு கட்டும் கீழ்மவுண்டின் ரப்பர் முக்கால் பங்கு கிழிந்து தொங்கியது. எலும்புத்துண்டு போல இருப்பதால் மெக்கானிக்குகள் இதை டாக்போன் என்பார்கள். வண்டி நிற்கும் கடைசிக் கணத்தில் இரண்டில் இருந்து ஒன்றுக்கு இறங்கும்போது வரும் சிறு அசைவை இந்த ரப்பர் விழுங்க வேண்டும். விழுங்க ரப்பர் இல்லாததால் அது சட்டத்தில் மோதியது. பத்து மாதத்துக்கு முன் தொடங்கி, பிறகு கியர் ஆயிலை மாற்ற வைத்த அதிர்ச்சி இதுதான். மவுண்டின் விலை 2,800 ரூபாய். மாற்ற ஒன்றரை மணி நேரம்.

புதிய மவுண்டோடு கற்றலை அழித்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல், சாலை காலியான பிறகு ஓட்டத் தொடங்கினேன். எண்ணெய் 65 டிகிரிக்கு மேல் வந்ததும் மெதுவான மிதியில் ஒன்றில் இருந்து ஆறுவரை ஏற்றி, மெல்ல நிறுத்தி, மீண்டும் ஏற்றி. இடையிடையே நின்று, ‘என்’ என்ற நியூட்ரலில் இருந்து ‘டி’க்குச் சில முறை. முதல் பத்து முறை அடி இருந்தது. இருபதுக்குப் பிறகு மங்கியது. மூன்று இரவுகளில் 120 கி.மீ. ஓட்டினேன். கடைசிப் பதிவில் இரண்டு-மூன்று மாற்றம் 0.55 நொடி, டர்பைன் கோடு ஏற்றமில்லாமல் விழுந்தது.

எண்ணெயைப் பற்றி

முந்தைய பட்டறை ஊற்றிய எண்ணெய் பல கார்களுக்கும் பொருந்தும் வகை. மட்டத்தைச் சரிசெய்யும்போது வேண்டுமென்றே அதே எண்ணெயைத்தான் சேர்த்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். காரணம் உறுதியான பிறகு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணெயைக் கேட்டு வாங்கினேன். காற்றோடு கலந்து அடிபட்ட எண்ணெய் விரைவில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் என்பது ஒரு காரணம். உராய்வு இன்னொரு காரணம். இந்த எண்ணெய் பல்சக்கரத்தை வழுக்கவும் விட வேண்டும், கிளட்ச் தட்டைப் பிடிக்கவும் விட வேண்டும். எதிரெதிரான இரண்டு வேலைகளை அதில் கலக்கும் உராய்வுச் சேர்மங்கள்தான் சமன்செய்கின்றன. ஒரு காலத்தில் அமெரிக்காவில் இதற்காக ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயையே கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் திமிங்கலப் பொருள்களுக்கு அங்கே தடை வந்தபோது மாற்று தேட வேண்டியதாயிற்று. சிவப்பு நிறம் வெறும் சாயம். அது தரத்தையும் சொல்லாது, வகையையும் சொல்லாது.

வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தேன். கருகிய வாடை இல்லை. பேனைக் கழற்றினோம், உள்ளே உள்ள காந்தங்களில் சாம்பல் நிறப் பசை மெல்லிய படலமாக இருந்தது, அது இயல்பான தேய்மானம். எஃகுச் சில்லுகளோ தட்டு உராய்வுப்பொருளின் கரும்துண்டுகளோ இல்லை. எட்டு மாதப் பட்டினியில் இந்தக் கிளட்ச்சுகள் பிழைத்ததற்கு, நழுவல் தொடங்கியதும் காலை எடுத்துவிடும் அவருடைய நிதானமான ஓட்டுதல்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிளக் வழியாக வடித்தால் 7 லிட்டரில் 3 லிட்டர்தான் வரும். மீதி கன்வெர்ட்டரிலும் வழிகளிலும் தங்கும். ஒரு முறை மாற்றினால் 43 சதவீதம்தான் புதியது. இரண்டாம் முறை 67, மூன்றாம் முறை 81. இயந்திரம் வைத்து அழுத்திக் கழுவுவதை 90,000 கி.மீ. தாண்டிய பெட்டிக்கு நான் செய்வதில்லை; ஆயிரம் கி.மீ. இடைவெளியில் இரண்டு முறை வடித்து ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் 40 டிகிரியில், இன்ஜின் ஓட, மட்டம் பார்த்தேன். ‘வாழ்நாள் எண்ணெய், மாற்றத் தேவையில்லை’ என்று சில விற்பனையாளர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. அப்படிச் சொல்லும் கையேடுகள் பலவற்றில் கடுமையான பயன்பாட்டுக்குத் தனி இடைவெளி தரப்பட்டிருக்கும். வால்பாறைச் சாலை கடுமையான பயன்பாடு இல்லை என்றால் வேறு எது?

கடைசி பில் மவுண்ட், எண்ணெய், வடிகட்டி, கூலி எல்லாம் சேர்த்து 19,600 ரூபாய். மதிப்பீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

ஒரு மாதம் கழித்து வால்பாறையில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு வண்டியைக் காட்ட வந்தார். 40 வளைவுக்கும் ஏறும்போது ஒரு குறிப்பும் இல்லை, இறங்கும்போது ஒரு குறிப்பும் இல்லை. ஆனால் வால்பாறையில் தங்கிய மறுநாள் காலையைப் பற்றி ஒரு வரி இருந்தது: “6.40 மணி. குளிர். முதல் முறை மூன்றாம் கியர் லேசாக அழுத்தியது. இரண்டாம் முறை இல்லை.” கணினி குளிர்ந்த எண்ணெய்க்கும் சூடான எண்ணெய்க்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. நான் கற்பித்தது 65 டிகிரிக்கு மேல் மட்டும். மலைக்குளிரில் காலைப் புறப்பாடு இன்னும் சில நடந்தால் அந்தப் பகுதியும் தானாகத் திருந்தும் என்று விளக்கினேன். அவர் நோட்டை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் ‘கவனிக்கவும்’ என்று எழுதிக்கொண்டார்.